எர்த் ஒயர் மாற்றிய ஐப்பசி

அக்டோபர் 19

நேற்று கோபியில் ஒரு கல்யாண வரவேற்பு. போகும்போது வெயில் இருந்தது, ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதுதான் ஹெட்லைட் மங்கிப்போயிருப்பதைக் கவனித்தேன். ரோட்டின் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஓரமெல்லாம் இருட்டு.

கவுந்தப்பாடிக்கு முன்னால் எவனோ ஒருவன் கரும்பு ஏற்றிய டிரெய்லரை இடது பக்கம் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. பக்கத்து சீட்டிலிருந்த என் மனைவி வசந்தாமணி, "ஏனுங்க, டிரெய்லர்" என்றாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். பார்த்துத்தான் வளைத்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி தோகையில் உரசியது, அவ்வளவுதான். அதை மோதல் என்று சொல்ல முடியாது. மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். லைன் இன்ஸ்பெக்டராக மழையிலும் காற்றிலும் ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போயிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது.

வீடு வரும்வரை வசந்தாமணி கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தாள். வரவேற்புச் சாப்பாடு சேரவில்லை போலிருக்கிறது.

காலையில் செல்ஃபும் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. லைட்டும் மங்கல், செல்ஃபும் மந்தம் என்றால் எனக்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது. எர்த். காரில் பேட்டரியின் மைனஸை பாடியோடு முடுக்கியிருப்பார்கள். வண்டியின் இரும்பு முழுவதும்தான் கரண்ட் திரும்பி வருகிற வழி. அந்த வழியில் துரு ஏறினால் எல்லாமே மந்தமாகும். பதினாலு வருஷ வண்டி, ஏறியிருக்கும்.

இதை உடனே சரிசெய்தாக வேண்டும். தாரணி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கார்த்திகை முதல் வாரம் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். என் மகளை என் வண்டியில் நானே கூட்டிக்கொண்டு போவேன் என்று மருமகனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 21

ஈரோட்டில் மோகனசுந்தரத்தைப் பார்த்தேன். வசந்தாமணியின் தம்பி, மஞ்சள் மண்டி வைத்திருக்கிறான். எர்த் ஒயர் மாற்றப் போகிறேன் என்றதும் சிரித்தான்.

"மச்சான், இந்த வண்டிக்கு ஒயர் வாங்கிப் போடறதுக்கு, பேசாம வித்துப்போட்டு வேற வாங்கிக்கலாமில்ல?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளை. எர்த் மட்டும்தான்."

"அப்புறம் எதுக்குங்க அக்கா அன்னைக்கு அப்பிடிப் பயந்து போச்சு?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அக்காவும் தம்பியும் ஃபோனில் ஆயிரம் பேசுவார்கள்.

உதிரிப்பாகக் கடையில் நீல நிறப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் ஐந்து ஒயர். போட்டால் மைலேஜ் ஏறும், பாட்டு நன்றாகக் கேட்கும், லைட் வெள்ளையாக அடிக்கும் என்றார் கடைக்காரர். எத்தனை வோல்ட் வித்தியாசம் வரும் என்று கேட்டேன். "எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்கண்ணா" என்றார். அது பதிலாகாது. தடித்த செம்பு ஒயரும் முனையில் அடிக்கிற லக் வளையமும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். முடுக்குவதற்கு எனக்குக் கை இருக்கிறது, அளப்பதற்கு மீட்டர் இருக்கிறது.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

இன்றைய நாளை விளக்கமாக எழுத வேண்டும்.

காலையில் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு, வசந்தாமணியை ஸ்டீரிங்கில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. நான் சொன்னது சரியாயிற்று.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற பட்டை ஒயர் பச்சை பூத்துக் கிடந்தது. பாதி இழை அறுந்திருந்தது, கையை வைத்ததும் மீதியும் உதிர்ந்தது. முடுக்குகிற இடங்களைப் பளபளவென்று வரும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புது ஒயரை வெட்டி, லக் அடித்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். திரும்பவும் மீட்டர் வைத்தேன். புள்ளிக்குப் பிறகு பூஜ்ஜியம். செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, வாயும் வயிறுமாக இருக்கிற தாரணிகூட வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"புது வண்டி மாதிரி இருக்குதுப்பா" என்றாள்.

வசந்தாமணி ஸ்டீரிங்கைவிட்டு இறங்கவில்லை. "ஏனுங்க, இதுதான் கிளட்ச்சுங்களா?" என்று கேட்டாள். சொன்னேன். கியர் எப்படி விழும், கிளட்ச்சை எப்படி விட வேண்டும், வண்டி ஏன் அணைந்துபோகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் விளக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வண்டியைப் பற்றி அவள் இப்படிக் கேட்டதே இல்லை. வேலை நன்றாக நடந்தால் பார்ப்பவர்களுக்கும் ஆர்வம் வருகிறது.

பிறகு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டோம்.

அக்டோபர் 24

சாயங்காலம் வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் முன்னேற்றம் உண்டு. கொஞ்சம்.

அக்டோபர் 26

பேட்டரியிலிருந்து பாடிக்கு இன்னொரு ஒயர் போட்டேன்.

காலையில் காப்பி டம்ளரைத் தட்டிவிட்டேன். வசந்தாமணி அதை என் இடது பக்கம், முழங்கைக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். யாராக இருந்தாலும் தட்டத்தான் செய்வார்கள்.

அக்டோபர் 28

மத்தியானம் சாப்பிடும்போது வசந்தாமணி, "ஏனுங்க, நானு டிரைவிங் ஸ்கூல்ல சேந்திருக்கறேன்" என்றாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க. சந்தைக்குப் போக வர ஆகுமில்ல."

"சந்தைக்கு நான் கூட்டிட்டுப் போறதில்லையா?"

"போறீங்க. உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா? தாரணி வேற இருக்கறா."

"எனக்கு எப்பக் காய்ச்சல் வந்துச்சு?"

அவள் ரசத்தை ஊற்றினாள். "எல்.எல்.ஆர். போட்டாச்சுங்க. மோகனுதான் பணம் கட்டுனான்."

இந்த வயதில் எதற்கு என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு. தாரணி எழுந்து போய் வெகுநேரம் கை கழுவினாள். அம்மாவும் மகளும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. போகட்டும். காலையில் ஒரு மணி நேரம்தானே.

நவம்பர் 1

இரண்டு ஹெட்லைட்டுக்கும் தனித்தனியாக எர்த் இழுத்துவிட்டேன். மொத்தம் நாலு புது ஒயர். இந்த ஊரில் இவ்வளவு நல்ல எர்த் உள்ள கார் வேறு கிடையாது. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

பல்ப் ஹோல்டரில் அளந்தேன். இந்த இரண்டு ஒயரும் போடுவதற்கு முன்பு என்ன இருந்ததோ அதேதான் இருக்கிறது. எர்த் வழியில் வோல்ட் எதுவும் முன்பே வீணாகவில்லை என்று அர்த்தம். பல்பையும் மாற்றினேன்.

சாயங்காலம் ஓட்டினேன். மங்கல்தான்.

நவம்பர் 3

ஒரு சோதனை செய்தேன். பொழுது சாய்ந்ததும் வண்டியை எங்கள் தோட்டத்துக் காட்டைப் பார்த்து நிறுத்தி லைட்டைப் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். தாரணியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன்.

"நேரா பாரு கண்ணு. தலையத் திருப்பாத. என்னென்ன தெரியுதுன்னு சொல்லு."

"மோட்டார் ரூம் தெரியுது. வேப்பமரம். இந்தப் பக்கம் வேலி, வேலியோரம் ஆடு நிக்குது. ரெண்டு ஆடு. குட்டி ஒண்ணு படுத்திருக்குது."

"எந்தப் பக்கம் ஆடு?"

"இதோ, லெஃப்ட்லப்பா." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுதில்லப்பா?"

தெரிகிறது என்றேன்.

ஹெட்லைட்டின் வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது.

நவம்பர் 4

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 8

வேலையில் இருந்த காலத்தில் 'கரண்ட் கம்மியா வருது' என்று புகார் வந்தால் நான் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடங்குவேன். அங்கே அளந்து சரியாக இருந்தால் கம்பத்துக்குப் போவேன். கம்பத்திலும் சரியாக இருந்தால் வீட்டு மீட்டருக்கு வருவேன். அங்கும் சரியாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன்: "குறை எங்க பக்கம் இல்லீங்க, உங்க வீட்டுக்குள்ள இருக்குது." சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சண்டைக்கு வருவார்கள். நான் மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து நீங்களே அளந்து பாருங்கள் என்பேன். அதன் பிறகு பேச்சு இருக்காது.

பேட்டரி சரியாக இருக்கிறது. டைனமோ சரியாக இருக்கிறது. எர்த் மிகச் சரியாக இருக்கிறது. பல்ப் புதியது. அளந்தவன் நான்.

காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 12, தீபாவளி

மருமகன் பெங்களூரிலிருந்து வந்தார். நல்ல பையன், அதிகம் பேச மாட்டார். வண்டியின் வேலையைக் காட்டினேன். சாவியைத் திருப்பி, ஒரே தட்டில் எடுத்ததைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். கிளம்பும்போது, "மாமா, நீங்க இருக்கறதுனாலதான் நான் தைரியமா போறேன்" என்றார்.

நான் அவருடைய பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தேன்.

வசந்தாமணி இப்போது வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறாளாம். டிரைவிங் ஸ்கூல்காரர் என்னைக் கடையில் பார்த்தபோது சொன்னார். "உங்க வீட்ல பயமே இல்லீங்கய்யா. லாரி வந்தாக்கூட லைனை விட மாட்டேங்கறாங்க."

நான் கற்றுக்கொடுத்த கிளட்ச் என்று அவரிடம் சொன்னேன்.

நவம்பர் 16

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது.

மத்தியானத்திலிருந்தே மழை. விளக்கு வைக்கிற நேரத்தில் தாரணி, "அம்மா, தண்ணி போகுதும்மா" என்று கூப்பிட்டாள். சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தோம். உடனே கிளம்பி வாருங்கள், படுக்கவைத்தே கூட்டிவாருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டு வாடகைக் கார் கோயம்புத்தூர் சவாரி போயிருந்தது, 108 வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள்.

தாரணியைப் பின் சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்தோம். வசந்தாமணி பையைக் காலடியில் வைத்துவிட்டு, கதவருகே நனைந்துகொண்டே நின்றாள். சாவி என் கையில் இருந்தது. அவள் கேட்கவில்லை. நான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது. லைட்டைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன், முன்னால் பார்த்தேன்.

கேட்டின் வலது தூண் தெரிந்தது. இடது தூண் தெரியவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் நின்று கட்டவைத்த தூண். தலையைத் திருப்பினால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் தூணும் இல்லை, மழையும் இல்லை. பின்னால் தாரணி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

இறங்கினேன். மழையில் சுற்றி வந்து சாவியை வசந்தாமணியிடம் நீட்டினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"நீ ஓட்டு" என்றேன்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இடது பக்கம் தெரியறதில்ல" என்றேன். "ரொம்ப நாளா."

"தெரியுமுங்க" என்றாள். "ஏறி உக்காருங்க, நேரமாச்சு."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் ஒரு யோசனையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். சித்தோடு வரை அதைக் காப்பாற்றினேன். அவள் வேகமாகப் போகவில்லை, ஆனால் தயங்கவும் இல்லை. எதிரே வந்த பஸ் லைட்டைக் கண்ணில் அடித்தபோது, வேகத்தைக் குறைத்து, ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு அந்த வெள்ளைக் கோடு எங்கே என்றே தெரியவில்லை. தாரணிக்கு வலி வந்தபோதெல்லாம், "மூச்ச விடு சாமி, அம்மா ஓட்டறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் நடுங்கவில்லை.

சித்தோட்டில் தண்ணீர் தேங்கி லாரிகள் வரிசையாக நின்றன. ஊர்ந்து ஊர்ந்து போகையில் வண்டி அணைந்துவிட்டது. பின்னாலிருந்து நாலைந்து ஹாரன். லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அந்த நிலையில் செல்ஃப் முனகிவிட்டு நின்றிருக்கும்.

"கிளட்ச்சை மிதிச்சுட்டுத் திருப்பு" என்றேன். நான் சொன்ன ஒரே யோசனை.

திருப்பினாள். எடுத்தது. அவள் மூச்சுவிட்டாள். "நல்ல வேலைங்க" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.

முப்பத்தோரு வருஷத்தில் அதிகாரிகள் எனக்கு இரண்டு முறை பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளத்தில் ஏற்றி, சக்கர நாற்காலிக்கு நேராக நிறுத்தினாள். தாரணியை உள்ளே கொண்டுபோன பிறகுதான் வசந்தாமணி அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

குழந்தை பிறந்தது. பெண். அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது.

மோகனசுந்தரம் நனைந்துகொண்டு ஓடிவந்தான். வாசலில் வண்டியைப் பார்த்திருக்கிறான்.

"என்னங்க மச்சான், இந்த மழையில நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" குரலில் கோபம் இருந்தது.

"உங்கக்கா" என்றேன்.

அவன் நம்பவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். பஸ் வந்ததை, தண்ணீர் தேங்கியதை, வண்டி அணைந்ததை. வராந்தாவில் காத்திருந்த வேறு இரண்டு குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்களில் ஒரு அம்மா வசந்தாமணியிடம் வந்து எந்த டிரைவிங் ஸ்கூல் என்று விசாரித்தார். காலையில் நர்ஸிடமும் சொன்னேன். மருமகன் வந்து சேர்ந்ததும் அவரிடமும் சொன்னேன். "போதுமுங்க, எத்தனை தடவை" என்று வசந்தாமணி கடிந்துகொண்டாள். இன்னும் சம்பந்தி வீட்டார் வர வேண்டியிருக்கிறது.

நவம்பர் 20

தாரணியையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வசந்தாமணிதான் ஓட்டினாள், மோகனசுந்தரம் லைசென்ஸோடு முன் சீட்டில் உட்கார்ந்தான். நான் பின் சீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வண்டியில் பின் சீட்டு இவ்வளவு வசதி என்று எனக்கு இதுவரை தெரியாது.

மோகனசுந்தரம் கேட்டான், அந்த ஒயர் வேலை எல்லாம் தண்டம்தானே என்று. அளந்ததை அப்படியே சொன்னேன். பட்டை ஒயர் கெட்டுப்போயிருந்தது, அதை மாற்றியது வீண் இல்லை. நல்ல எர்த் இருக்கிற இடத்தில் மேலே மேலே ஒயர் போட்டதால் ஒரு பலனும் இல்லை. மூன்றைக் கழற்றிவிட்டேன். அதில் ஒரு ஒயர் கிணற்று மோட்டாருக்கு ஆகும்.

நவம்பர் 24

ஈரோட்டில் கண் டாக்டரைப் பார்த்தோம். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முடிவைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் ஓரம் கருப்பு, இடது பக்கம் அதிகம். நான் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தேன். அளவு சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. காலையிலும் படுக்கும்போதும் விட வேண்டும். விடுவேன். அதில் ஒரு நாளும் தவற மாட்டேன்.

சீட்டு எழுதிக்கொண்டே, "ஐயா, வண்டி ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "வீட்ல ஓட்டறாங்க."

டாக்டர் தலையை நிமிர்த்தி வசந்தாமணியைப் பார்த்தார். அவள் கூச்சத்தோடு, "எல்.எல்.ஆர்.தானுங்க டாக்டர். இன்னும் லைசென்ஸ் வரல" என்றாள்.

"அடுத்த வாரம் வந்துரும்" என்றேன் நான்.